நாலாம் ஆளும் நஜ்மாவின் புத்தகங்களும்

என் மனைவி நஜ்மா புத்தகம் படிக்கிறாள்.

இதில் என்னய்யா சங்கதி என்று கேட்பீர்கள். அவள் நாவல் படித்தால் நான் ஏன் கவலைப்படப் போகிறேன்? சமையல் புத்தகம் படித்தால் அல்லாஹ்வுக்கு ஷுக்ர் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் படிப்பது இன்டர்நெட்டைப் பற்றி. இன்டர்நெட்டில் படிக்கவில்லை, இன்டர்நெட்டைப் பற்றிப் படிக்கிறாள். ஒவ்வொன்றும் நானூறு பக்கம். எல்லாம் இங்கிலீஷ். மருந்துக்குக்கூடப் படம் கிடையாது. எழுதியவர்கள் எல்லோரும் பேராசிரியர்கள். கடைசி அறுபது பக்கம் பொடி எழுத்தில் யார் யாரோ பெயராகப் போட்டிருக்கிறது.

முதல் புத்தகம் எங்கள் வீட்டுக்கு வந்தது அரைக்கீரைக்கு அடியில். ஒரு செவ்வாய்க்கிழமை திருவாரூருக்குப் போய்விட்டுக் கூத்தாநல்லூர் திரும்பியவள் கீரையை எடுத்து வைத்தாள். அடியில் செங்கல் மாதிரி ஒன்று கிடந்தது.

"என்ன புள்ள இது?"

"புத்தகங்க."

"அது தெரியுது. என்ன புத்தகம்?"

"ஜனங்க இன்டர்நெட்ல எப்படி நடந்துக்கறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க."

"அது உனக்கு எதுக்கு?"

"சும்மாதான்."

சும்மா! நான் மஸ்கட்டில் இருபத்தேழு வருஷம் துணிக்கடையில் நின்றவன். சும்மா பார்க்கிறேன் என்று உள்ளே வந்தவன்தான் கடையைக் கலைத்துப் போட்டுவிட்டுப் போவான். சும்மா என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பயம்தான்.

அடுத்த வாரம் இரண்டாவது வந்தது. அட்டையில் ஒரு பெரிய கண். அதற்கடுத்த வாரம் மூன்றாவது. அட்டையில் முகமூடி! புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஏன் கவிழ்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். வெளியே விட்டுவிடாதீர்கள். உங்களை நம்பித்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் கல்யாண விருந்து என்றால் சஹன். பெரிய வட்டத் தட்டில் பிரியாணியைக் குவித்து வைப்பார்கள். சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். மூன்று பேர் பேசுவார்கள். நாலாவது ஆள் பேசாமல் கவனிப்பான். கறி எத்தனை துண்டு, தால்சாக் குழம்பில் காரம் எவ்வளவு, எல்லாம் மனசில் குறித்துக்கொள்வான். அந்த நாலாவது ஆள் நான்தான். மஸ்கட்டிலிருந்து திரும்பி வீட்டோடு உட்கார்ந்ததும் பொழுது போகாமல் ஃபேஸ்புக்கில் 'நாலாம் ஆள்' என்று ஒரு பக்கம் தொடங்கினேன். போட்டோ இல்லை, ஊர் பெயர் இல்லை. விருந்துக்குப் போவது, வந்து விமர்சனம் எழுதுவது, அவ்வளவுதான். இன்றைக்குப் பதினோராயிரம் பேர் படிக்கிறார்கள். முத்துப்பேட்டையில் பிரியாணி ஆக்குகிற பாவர்ச்சி ஒருவர் என் விமர்சனத்துக்குப் பயந்து நெய்யைக் கூட்டினார் என்று கேள்வி.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் மச்சான் இர்பான் மகனுடைய வலிமா விருந்து வரும் வரைக்கும்.

இர்பான் மச்சான் நஜ்மாவின் அண்ணன். மீசை வைக்காமலேயே மீசையை முறுக்குகிற ஆள். அந்த விருந்தைப் பற்றி நான் எழுதினேன்: "தால்சாவில் முங்கு நீச்சல் அடித்துப் பார்த்தேன், கறி அகப்படவில்லை. இருந்த ஒரே நல்லி எலும்பையும் எதிரே இருந்தவர் தூக்கிவிட்டார். கடைசிவரை நான் அந்த எலும்பின் சத்தத்தை மட்டும் கேட்டேன்." நாலாயிரம் பேர் சிரித்தார்கள். இர்பான் மச்சான் சிரிக்கவில்லை. அந்த நாலாம் ஆள் யாரென்று தெரிந்தால் அவன் வீட்டு வாசலை இந்த ஜென்மத்தில் மிதிக்க மாட்டேன் என்று ஜமாஅத் ஆட்கள் நடுவே சத்தியம் செய்தார்.

அடுத்த மாதம் என் மகள் ரிஃப்காவுக்கு நிக்காஹ். இர்பான்தான் தாய்மாமன். விருந்துப் பொறுப்பு முழுக்க அவர் தலையில். ரிஃப்கா பிறந்த நாளிலிருந்து மாமா மாமா என்று உயிரை விடுகிற பெண். "மாமா வராம நான் நிக்காஹ் புடவையே கட்ட மாட்டேன்" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாள். ஆகவே நான் மாட்டினால் போவது என் பேர் மட்டும் அல்ல. என் பிள்ளையின் கல்யாணத்தில் தாய்மாமன் இல்லாத பாவம் என் தலையில் விழும்.

இந்த நேரத்தில்தான் வீட்டுக்குள் கண்ணும் முகமூடியும் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

"செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை திருவாரூர்ல என்ன வேலை?" என்று கேட்டேன்.

"கண் டாக்டரைப் பார்க்கப் போறேங்க."

மனுஷிக்கு இரண்டு கண்தானே? இதோடு எட்டுச் செவ்வாய் ஆகிவிட்டது!

ஒருநாள் கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் முருங்கை மரத்துக்குப் பின்னால் தற்செயலாக நின்றேன். தற்செயலாக இருபது நிமிஷம் நின்றேன்.

"ஆள் யாருன்னு எப்பவோ தெரியும் மாலதி மேடம்... ஆமா, அவரே எல்லாத்தையும் கொட்டுறாரு... இல்லல்ல, சந்தேகமே வரலை... சரிங்க மேடம், ஆதாரத்தோட கொண்டு வரேன்."

யார் இந்த மாலதி? போலீஸ்தான். அதிலும் சைபர் போலீஸ். தன் அண்ணனின் மானத்தைக் காப்பாற்ற என் பெண்டாட்டி துப்பறியக் கிளம்பிவிட்டாள்!

இந்த உலகத்தில் எனக்கு ஆறுதல் என்று இருந்தது ஒரே ஒரு ரசிகை. பெயர் 'வெண்ணாற்றுக் குயில்'. மூன்று மாதம் முன்னால் எனக்கு மெசேஜ் அனுப்பினாள். முதல் மெசேஜே இரண்டு முழம் நீளத்துக்கு இங்கிலீஷில் இருந்தது. கடைசியில் மட்டும் தமிழில் "சம்மதமா?" என்று கேட்டிருந்தாள். பாராட்டுத்தானே, இதையெல்லாம் உட்கார்ந்து படித்துக்கொண்டா இருப்பார்கள்? ஒரு கட்டை விரல், பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ, தட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அருமையான கேள்விகளாகக் கேட்டாள். "முகத்தை மறைச்சு எழுதறப்போ மனசுக்கு எப்படி இருக்குங்க?" இந்தக் கேள்வியை என்னிடம் இதுவரை யார் கேட்டார்கள்? கண் கலங்கிவிட்டது. கொட்டினேன். "தாயே, நான் வீட்டில் வாய் திறக்க முடியாதவன். மீன் குழம்பில் உப்பு இல்லை என்று முப்பது வருஷமாகச் சொல்ல முடியாத ஒரு குடும்பஸ்தனின் குமுறல்தான் இந்த நாலாம் ஆள்" என்று எழுதினேன். "ரொம்ப முக்கியமான தகவல், நன்றி" என்று பதில் வந்தது. எத்தனை மரியாதை பாருங்கள்.

சரி, எதிரியின் ஆயுதத்தைக் கொண்டே எதிரியை மடக்குவது என்று தீர்மானித்தேன். அவள் படிக்கிற புத்தகத்தை நானும் படித்துவிட்டால், அவள் எப்படிப் பிடிக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும் அல்லவா? தெரிந்தால் தப்பிக்கலாம் அல்லவா? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவாரூரில் சொந்தக்காரர் வீட்டு வலிமா. தெருவே வேன் பிடித்துக் கிளம்பியது. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"விருந்தை விட்டுட்டு உட்காருற அளவுக்கா வலி?" என்றாள் நஜ்மா. பார்வையில் சந்தேகம்.

"உசுரு போகுது புள்ள."

"தைலம் அலமாரியில இருக்கு. புத்தகத்துக்குப் பக்கத்துல."

எதற்கு அதைச் சொன்னாள்? அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

வேன் தெருமுனை திரும்பியதும் முகமூடிப் புத்தகத்தை எடுத்தேன். என் இங்கிலீஷ் கடை இங்கிலீஷ். "குட் பீஸ், லாஸ்ட் பீஸ், டுமாரோ கம்" என்பதற்கு மேல் போகாது. அதனால் போனை ஒவ்வொரு பக்கத்தின் மேலும் பிடித்தேன். போனே தமிழில் பெயர்த்துக் கொடுத்தது. "தன்னிலை என்பது முன்கூட்டி இருப்பதன்று, அது திரும்பத் திரும்ப நிகழ்த்தப்படுவது." யாருடைய தன்னிலை? எங்கே நிகழ்ந்தது? இதற்கு அந்த இங்கிலீஷே தேவலை.

ஆனால் போகப் போகப் பிடி கிடைத்தது. பெயரை மறைத்து எழுதுகிறவன் பெயரால் மாட்டுவதில்லையாம், நடையால் மாட்டுவானாம். ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சுப் பழக்கம் இருக்கும், அது எங்கே போனாலும் கூடவே வருமாம். இன்னொரு அத்தியாயத்தில் ஒரு பேராசிரியர் சொல்கிறார்: நீளமாக எதையாவது எழுதிக் கீழே சம்மதமா என்று கேட்டால், ஜனங்கள் படிக்காமலேயே சம்மதம் என்று அமுக்கிவிடுகிறார்களாம். வீட்டையே எழுதிக் கேட்டாலும் அமுக்குவார்களாம்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இப்படியும் கேனப்பயல்கள் இருக்கிறார்களா என்று தொடையில் தட்டிச் சிரித்தேன்.

அப்போதுதான் ஓரத்தைப் பார்த்தேன். அந்தப் பத்திக்குப் பக்கத்தில் நஜ்மா பென்சிலால் ஒரு நட்சத்திரம் போட்டு "மு." என்று எழுதியிருந்தாள்.

சிரிப்பு நின்றது. பக்கங்களைப் புரட்டினேன். எங்கே பார்த்தாலும் மு. தற்பெருமை என்ற இடத்தில் மு. பாராட்டுக்கு ஏங்குதல் என்ற இடத்தில் இரண்டு மு. மு என்றால் என்ன? முகமூடியா? முக்கியமா? என் பெயர் முபாரக் என்பது ஞாபகம் வந்ததும் நிஜமாகவே முழங்கால் வலிக்க ஆரம்பித்தது.

இனி ஒரே வழி. நாலாம் ஆள் வேறு யாரோ என்று ஊரை நம்ப வைக்க வேண்டும். நடையால்தானே பிடிக்கிறார்கள்? நடையை மாற்றிவிட்டால்? அடுத்த வீட்டு ஜெக்கரியா பாய் எதைச் சொன்னாலும் "அதான் மேட்டரே" என்று முடிப்பார். பள்ளிவாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அவர் தலையில் கட்டிவிட்டால் போதும். அவருக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற மகளும் இல்லை, கோபப்படுகிற மச்சானும் இல்லை. மனசாட்சி லேசாக உறுத்தியது. தைலம் தேய்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் வேன் திரும்பியது. மதில் சுவர் ஓரமாகப் போய் நின்றேன்.

"என்ன பாய், விருந்து எப்படி?"

"பிரியாணி பிரமாதம் முபாரக். அரிசி தனித்தனியா நிக்குது. அதான் மேட்டரே."

"தால்சா?"

"கெட்டி. மாங்காய் போட்டிருந்தான். அதான் மேட்டரே."

"கறி?"

"ஆளுக்கு மூணு துண்டு. கடைசில இனிப்புக்குப் பிர்னி. வேற என்ன வேணும்? நீதான் கொடுத்து வைக்கலை."

போதும். உள்ளே ஓடினேன். அரை மணி நேரத்தில் எழுதி ஏற்றினேன். "திருவாரூர் வலிமா. சஹனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தோம். பிரியாணி அரிசி தனித்தனியாக நின்றது, அதான் மேட்டரே. தால்சாவில் மாங்காய், அதான் மேட்டரே. என் பக்கத்திலிருந்தவர் கறியைக் கையால் என் பக்கம் தள்ளிவிட்டார். ஒரே சஹனில் சாப்பிடுகிற இந்த ஒற்றுமை இருக்கிறதே, அதான் மேட்டரே."

எழுதிவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்தேன். அந்த டீதான் நான் நிம்மதியாகக் குடித்த கடைசி டீ.

முதல் கமெண்டே இடி மாதிரி விழுந்தது. "நாலாம் ஆளே, எந்தச் சஹன்? இன்னிக்கு மேஜை நாற்காலி போட்டு ஆளுக்கொரு பீங்கான் தட்டுல்ல வச்சாங்க!" அடுத்தது: "மண்டபத்துல சஹனே இறக்கலையே, தலைவா நீங்க வரவே இல்லையா?" அப்புறம் சிரிப்பு, சிரிப்பு, முந்நூறு சிரிப்பு.

நான் என்ன செய்வேன்? சோறு எப்படி என்று கேட்டேன், தால்சா எப்படி என்று கேட்டேன். எதில் போட்டார்கள் என்று கேட்கவில்லை. எங்கள் ஜனங்கள் விருந்தில் சஹன் இருந்ததா என்று யாராவது கேட்பார்களா? சோற்றுக்குக் கீழே தட்டு இருக்கும் என்பது மாதிரி அது தானாக இருக்கிற விஷயம் ஐயா!

மறுநாள் காலை பதினோரு மணிக்கு இர்பான் மச்சான் வந்தார். சலாம் சொன்னார். உட்காரவில்லை. போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"பார்த்தீங்களா மாப்ள?"

"எ... என்ன மச்சான்?"

"ஜெக்கரியா பேச்சு மாதிரியே எழுதியிருக்கான். ஆனா ஜெக்கரியா நேத்து என் பக்கத்துல உட்கார்ந்து பீங்கான் தட்டுல சாப்பிட்டாரு. அவரு சஹன்னு எழுதுவாரா? எழுத மாட்டாரு. அப்ப இவன் நேத்து வராதவன். ஜெக்கரியா கிட்ட கதை கேட்டவன். நம்ம தெருவுல நேத்து வராதது ரெண்டே பேரு. பள்ளிவாசல் அஜ்ரத் உம்ராவுக்கு மக்கா போயிருக்காரு."

"ஆமா."

"இன்னொண்ணு நீங்க."

ரிஃப்காவின் முகம் கண் முன்னால் வந்தது. போச்சு. எல்லாம் போச்சு. அடுக்களையிலிருந்து நஜ்மா வந்தாள். கையில் மீன் வெட்டுகிற கத்தி. முடிந்தது கதை, ஆதாரத்தை எடுத்து வைக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணே, இவரா நாலாம் ஆளு?" என்றாள். சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்த ஆளு எழுதறதைப் பதினோராயிரம் பேரு படிக்கிறான். இவரு பேசறதை நான் ஒருத்தியே முழுசாக் கேக்கறதில்லை. மளிகைச் சீட்டுல கொத்தமல்லின்னு எழுதச் சொன்னா மூணு தடவை அடிச்சுத் திருத்துவாரு. இவருக்கு அவ்வளவு மூளை இருந்தா நான் ஏன்ணே இப்படி இருக்கேன்?"

இர்பான் மச்சான் என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். ரொம்ப நேரம்கூட யோசிக்கவில்லை.

"அதுவும் சரிதான்" என்றார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஏன், எனக்கு எழுத வராதா? அந்த நல்லி எலும்பு வரியை எழுதியது யாரு? வாய் வரை வந்துவிட்டது. கடித்து விழுங்கினேன்.

"அவன் யாரா இருந்தாலும் பிடிக்காம விட மாட்டேன். ரிஃப்கா கல்யாணத்துல வச்சுப் பிடிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, என் தோளை ஆறுதலாகத் தட்டிவிட்டுப் போனார் மச்சான். அந்த ஆறுதல்தான் அடியை விட அதிகமாக வலித்தது.

வாசல் கதவைச் சாத்திவிட்டு நஜ்மா திரும்பினாள்.

"உட்காருங்க நாலாம் ஆள்" என்றாள்.

உட்கார்ந்தேன்.

"எ... எப்பத்துலேருந்து தெரியும்?"

"நல்லி எலும்புலேருந்து. அண்ணன் வீட்டு வலிமா முடிஞ்சு வேன்ல வர்றப்ப அந்த எலும்பு போன கதையை எங்கிட்ட நாலு தடவை சொன்னீங்க. மறுநாள் அதே கதை ஃபேஸ்புக்ல வருது. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேணுமா?"

"அப்ப அந்தப் புத்தகமெல்லாம்? மாலதி போலீசு?"

"மாலதி மேடம் போலீஸ் இல்லீங்க, திருவாரூர்ல பேராசிரியை. செவ்வாய்க்கிழமை நான் பார்க்கப் போறது அவங்களைத்தான். என் கைடு. நான் எம்.ஏ. படிக்கிறேன். சோஷியாலஜி. ரெண்டாவது வருஷம். 'சிற்றூர்ச் சமூகமும் இணையப் புனைபெயர்களும்', இதான் என் ஆய்வேடு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "பி.ஏ. சேர்ந்தப்ப சொன்னேனே. பேரன் எடுக்கிற வயசுல பரீட்சை எழுதப் போறாளாம்னு மஸ்கட்லேருந்து போன் போட்டு ஊர் பூரா சொல்லிச் சிரிச்சீங்களே. மறந்துட்டீங்களா? அதான் இந்தத் தடவை பாஸ் பண்ணிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

மறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

அலமாரியிலிருந்து ஒரு ஃபைலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். தமிழில் தட்டெழுத்து. நாலாவது அத்தியாயத்தைத் திறந்தாள். "தகவலாளர் மு. கூறுகிறார்: தாயே, நான் வீட்டில் வாய் திறக்க முடியாதவன். மீன் குழம்பில் உப்பு இல்லை என்று முப்பது வருஷமாக..."

ஃபைலை மூடினேன், மறுபடி திறந்தேன், அதேதான் இருந்தது.

"வெ... வெண்ணாற்றுக் குயில்?"

"நான்தாங்க."

"இது மோசடி புள்ள! என்னைக் கேக்காம என்னை வச்சு எப்படி எழுதலாம்?"

"கேட்டேனே. முதல் மெசேஜ்லயே முழுசா எழுதினேன். இது ஆராய்ச்சி, நீங்க சொல்றதை எழுதுவேன், பேர் வெளிய வராது, சம்மதமான்னு. நீங்க கட்டை விரல் காட்டினீங்க. ரோஜாப்பூ வேற. அதையும் பின்னிணைப்புல வச்சிருக்கேன்."

நான் நேற்று தொடையில் தட்டிச் சிரித்த அந்தக் கேனப்பயல் யாரென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"சரி, பேர் வராதுல்ல? மச்சானுக்குத் தெரியாதுல்ல?" என்று கெஞ்சினேன்.

"ஆய்வுல வராது. நன்றியுரையிலதான் கொஞ்சம் குழப்பம். ரெண்டு விதமா அடிச்சு வச்சிருக்கேன்."

இரண்டு தாள்களை நீட்டினாள். ஒன்றில் "பெயர் வெளியிட விரும்பாத தகவலாளருக்கு நன்றி" என்று இருந்தது. மற்றதில் "நாலாம் ஆள் என்ற பெயரில் எழுதி இவ்வாய்வுக்கு உறுதுணையாக இருந்த என் அன்புக் கணவர் முபாரக் அவர்களுக்கும், முதல் பிரதியைப் பெற்றுக்கொண்ட என் அண்ணன் இர்பான் அவர்களுக்கும் நன்றி" என்று இருந்தது.

"எ... எதை வைக்கப் போறே?"

"இன்னும் முடிவு பண்ணலீங்க. ரிஃப்கா நிக்காஹ் முடியட்டும். அதுவரைக்கும் நீங்க எப்படி நடந்துக்கறீங்கன்னு பார்க்கணுமே. வாங்க, சாப்பிடலாம். நாகப்பட்டினத்து வஞ்சிரம்."

தட்டு வைத்தாள். சோறு போட்டாள். குழம்பை ஊற்றினாள். எதிரே உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, என் முதல் கவளம் தொண்டையில் இறங்கும் வரை காத்திருந்தாள்.

"எப்படி இருக்கு?"

குழம்பில் ஒரு கல் உப்புக்கூட இல்லை. வேண்டுமென்றே போடவில்லை.

"பிரமாதம் நஜ்மா! உப்பு, புளி, காரம் எல்லாம் கச்சிதம்" என்றேன்.

பென்சிலை எடுத்தாள். எழுதினாள். தலைகீழாக இருந்தாலும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது:

"நேரில் கேட்டால் தகவலாளர் மு. பொய் சொல்கிறார்."